அவிநாசிபாளையத்தில் நிற்கும் வண்டி

பழைய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருப்பவன் பாதி நேரம் வண்டியைக் கழற்றுகிறான், மீதி நேரம் எதைத் தேடிக் கழற்றினோம் என்று யோசிக்கிறான்.

காலையில் ஒரே உதையில் கிளம்பும். நன்றாக ஓடும். எஞ்சின் சூடானதும் நடுரோட்டில் பேச்சுமூச்சில்லாமல் நிற்கும். இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். இப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். உங்களிடம் நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

எனக்குச் சாத்தூர்ப் பக்கம். திருப்பூருக்கு வந்தது பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஃபிட்டராக. அந்த வேலை சரிப்படாமல் தாராபுரம் ரோட்டில் பழைய பைக்குகளுக்கென்று ஒரு கடை போட்டேன். பக்கத்துக் கடை ரஹீம் பாய். மோட்டார், ஃபேன், டைனமோ என்று எதில் காயில் எரிந்தாலும் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதிதாகக் கட்டிக் கொடுப்பார். இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். காலை டீ அவர் கடையில், சாயங்கால டீ என் கடையில். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'சாத்தூர்' என்றுதான் கூப்பிடுவார். போன கோடையில் ஒரே ஒரு வண்டி எங்கள் இரண்டு பேரையும் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஆறினால் நல்ல பிள்ளை

வேலுச்சாமி முதலில் வந்தது மாசிக் கடைசியில். காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கிறார். மற்ற கம்பெனிகள் தைத்து அனுப்புகிற சட்டைகளுக்குப் பட்டன் துளை போட்டு, பட்டன் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அவரும் அவர் மனைவி சாந்தாமணியும் ஆட்களோடு ஆட்களாக உட்கார்ந்து மிஷின் ஓட்டுவார்கள்.

வண்டி அவருடையது இல்லை, தாராபுரத்தில் இருக்கும் மாமனாருடையது. டூ ஸ்ட்ரோக் வண்டி, மேக்னெட்டோ வைத்தது. அவர் காலம் முழுக்க ஓட்டியது. முழங்கால் மடங்காமல் போன பிறகு சின்ன மருமகனிடம் கொடுத்திருக்கிறார். ஒரே நிபந்தனை, ஞாயிறு தவறாமல் மகளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில் வந்து கண்ணில் காட்ட வேண்டும். பராமரிக்க முடியாவிட்டால் சொல்லிவிடலாம், குன்னத்தூரில் இருக்கும் மூத்த மருமகன் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். வண்டியோ சரியாக அவிநாசிபாளையம் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்று, ஆறவைத்துக் கிளப்பிப் போனால் மாமனார் வாசலிலேயே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம்.

நான் ஒரு உதை உதைத்தேன். கிளம்பியது. அரை மணி நேரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். எங்கள் ஊரில் ஒருவருக்குக் கோபம் வந்தால் அடுத்த தெருவுக்குத் தெரியும். கொங்குப் பக்கம் வந்து இத்தனை வருடம் ஆகியும், பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் இந்த 'ங்க'வுக்கு உள்ளே கோபம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வேலுச்சாமி சிரித்த முகமாகத்தான் சொன்னார்:

"ஆமாங்க, உங்க கடையில நல்லாத்தானுங்க இருக்குது. எங்க மாமனாரு இங்க வந்து பாக்கமாட்டாருங்களே, நாங்கதானுங்க அங்க போகோணும்."

மூக்கு சொன்ன வைத்தியம்

அடுத்த நாள் மத்தியானம் உச்சி வெயிலில் அவரைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டினேன். அவிநாசிபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தேன், பொறி வரவில்லை. கால் மணி நேரம் கழித்து உதைத்தேன், பொறி நீலமாக வந்தது. அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நோய் பிடிபட்டுவிட்டது. எஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ காயில் பழசாகி, கம்பிமேல் இருக்கும் பூச்சு சூட்டில் விட்டுப்போகிறது. ஆறினால் பிடித்துக்கொள்கிறது.

காயிலைக் கழற்றி ரஹீம் பாயிடம் கொடுத்தேன். அவர் மீட்டரை எடுப்பதற்கு முன் மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். "உள்ளுக்குள்ள வெந்துபோச்சு" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து தலைமுடி மாதிரிக் கம்பியைச் சுற்றுக்குச் சுற்று எண்ணிக் கட்டினார். வார்னிஷ் போட்டு வெயிலில் காயவைத்தார். மாட்டிக்கொண்டு நான் தாராபுரம் வரை போய், அங்கே எஞ்சினை அணைக்காமலே திருப்பிக்கொண்டு வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் வேலுச்சாமி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது ஞாயிற்றுக்கு மறுநாள் ஒரு தார் பூவன் பழத்தைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தார். பழத்தைப் பங்கு பிரிக்கும்போது ரஹீம் பாய் சொன்னார்:

"பழத்தைப் பாதி பண்ணிட்டோம் சாத்தூர். நாளைக்கு வண்டி நின்னுச்சுன்னா திட்டையும் இதே மாதிரி பாதி பண்ணிக்கோணும்."

அதே மாதிரிங்க

மூன்றாவது ஞாயிறு வண்டி நின்றது.

திங்கட்கிழமை வேலுச்சாமி வந்து சொன்னபோது நான் கேட்டது ஒரே கேள்வி: "முன்ன மாதிரியேவா?" அவர் "அதே மாதிரிங்க" என்றார். சூடான பிறகு, அதே அவிநாசிபாளையத்தில், அதே இருமல், அதே அரை மணி நேரம். நோயாளி பழைய நோய்தான் என்று சொன்னதும் பழைய சீட்டையே திருப்பிக் கொடுத்த டாக்டர் மாதிரி நான் மறுபடி மேக்னெட்டோவைத் திறந்தேன். பொறி பளிச்சென்று இருந்தது. பாயிண்டைத் தேய்த்தேன், பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவினேன். தாராபுரம் வரை ஓட்டினேன். ஒரு இருமல்கூட இல்லை. ஞாயிறு அவர் ஓட்டினார், நின்றது.

அதற்கு அடுத்த ஞாயிறும் நின்றது. ஒவ்வொரு திங்களும் கடை திறக்கும் நேரத்துக்கு அவர் வாசலில் நிற்பார், அதே சிரித்த முகம். அவர் வண்டிச் சத்தம் ரோட்டில் கேட்டாலே நான் வேறு ஏதாவது ஒரு வண்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். ஒரு திங்கள் கதவைப் பாதி திறந்துவிட்டு டீக்கடைப் பக்கம் நழுவினேன். டீக்கடைக்கே வந்துவிட்டார். "இந்த வாரம் கண்டிப்பா பிடிச்சிருவேன்" என்றேன். அவர் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"பொறுமையா பாருங்க, அவசரமில்லீங்க. எங்க மாமனாரு நேத்துத்தான் குன்னத்தூருக்குப் போன் போட்டாருங்க."

ஆளுக்கொரு வைத்தியம்

ஒரு மெக்கானிக் குழம்பிப்போயிருக்கிறான் என்பது எப்படித்தான் ஊருக்குத் தெரியுமோ. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். சிலிண்டரில் ஈரச்சாக்கு சுற்றச் சொன்னார் ஒருவர். பெட்ரோலில் ஆயிலைக் கூடுதலாகக் கலக்கச் சொன்னார் ஒருவர், குறைக்கச் சொன்னார் அடுத்தவர். பெட்ரோல் பங்க்கை மாற்றச் சொன்னார்கள். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார் ஒரு பெரியவர். சொன்னால் நம்புவீர்களா தெரியாது, சாக்கையும் எலுமிச்சம்பழத்தையும் தவிர எல்லாவற்றையும் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். அதனால் எது உதவும், எது உதவாது என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் போனது.

எதிர் நிட்டிங் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவர் தினமும் மத்தியானம் என் கடை நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் எழுந்து வந்து வண்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை வரும். உள்ளங்கையால் தன் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு, கண்ணைப் பிதுக்கிக் காட்டி, பிறகு வண்டியைக் காட்டினார். நான் உடனே ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் ஓடுகிற வண்டி என்பதால் பஞ்சு அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா என்று புரியவில்லை. போகும்போது மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்:

"சூடு நஹி அண்ணா. வண்டி, மூச்சு இல்ல."

நூல் மூட்டையோடு ஒரு பயணம்

நான் ஓட்டினால் நிற்கவில்லை, அவர் ஓட்டினால் நிற்கிறது. வித்தியாசம் என்ன என்று எழுதிப் பார்த்தேன். அவர் இரண்டு பேராகப் போகிறார், நான் ஒருவனாகப் போகிறேன். பாரம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். சாந்தாமணி அம்மாவை என் பின்னால் உட்காரச் சொல்ல முடியாது. எதிர்க் கம்பெனியில் கேட்டு ஒரு நூல் மூட்டையை வாங்கிப் பின்சீட்டில் வைத்துக் கட்டினேன். சித்திரை வெயில். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்க, நூல் மூட்டையோடு தாராபுரம் போய்த் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னிடம் நூல் என்ன கவுண்ட், எத்தனை சன்னம் என்று விசாரித்தார். வண்டி நிற்கவில்லை.

திரும்பும்போது அவிநாசிபாளையத்தில் நானாகவே நிறுத்தினேன். புளியமரத்தடியில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வேலுச்சாமியும் சாந்தாமணியும் ஞாயிறுதோறும் அவரிடம்தான் கூழ் குடித்துவிட்டு எஞ்சின் ஆறுவதற்குக் காத்திருப்பார்களாம். நான் யாரென்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். எனக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்:

"வண்டிய மெரட்டி வெச்சிருக்கிறீங்களாட்ட இருக்குதுங்க. அந்தக் கண்ணு ஓட்டீட்டு வந்தா நிக்குது, நீங்க வந்தா பயந்துக்கிட்டு நிக்காமப் போகுது."

சுவருக்கு அந்தப் பக்கம்

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வண்டியில் நான் தொடாத பாகம் எதுவும் பாக்கி இல்லை. நான் கை வைக்காதது ஒன்றே ஒன்று, ரஹீம் பாய் கட்டிய காயில். தன் வேலையில் தப்பு தெரியாதவன் அடுத்தவன் வேலையைப் பார்ப்பான் அல்லவா, அந்த நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை வேலுச்சாமி நிற்கிறார், வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் நிற்கிறார்கள், ரஹீம் பாய் வழக்கம்போல இரண்டு கையிலும் டீ டம்ளரோடு வருகிறார். "என்ன சாத்தூர், பிடிபட்டுச்சா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், வேலுச்சாமியைப் பார்த்துச் சொன்னேன்: "கம்பி மட்டமாப் போட்டா சூட்டுல இப்படித்தான் நிக்கும். நான் என்ன பண்ண?"

அவர் டீ டம்ளரை என் மேஜைமேல் வைத்தார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. தன் கடைக்குப் போய், வேலுச்சாமி வண்டியிலிருந்து கழற்றிய பழைய, வெந்துபோன காயிலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து டம்ளர் பக்கத்தில் வைத்தார். அன்று வரை என்னை 'வா, போ' என்றுதான் பேசுவார். கூட்டத்தில் யாருக்கும் அது சண்டையாகவே தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பழசு இதுலருக்குதுங்க, பத்திரமா வெச்சுக்குங்க. இனிமே காயில் வேலை எதுவும் நம்ம கடைக்கு அனுப்ப வேண்டாமுங்க."

புதுக் காயில்

கோயம்புத்தூருக்குப் போய்ப் புதுக் காயில் ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். ஞாயிறு வண்டி நின்றது.

நியாயமாக அன்றைக்கே நான் சுவரைச் சுற்றிப் போய் ரஹீம் பாயிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. கோயம்புத்தூர்க் காயிலும் போலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு பொய்யை நம்பத் தொடங்கிவிட்டால் அதற்குத் துணைக்கு இன்னொன்றைக் கூப்பிட்டுக்கொள்வோம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த மாதம் முழுக்கக் காலை டீயும் இல்லை, சாயங்கால டீயும் இல்லை. மற்ற கடைக்காரர்கள் ரஹீம் பாயிடம் காயிலோடு போய், அதே காயிலோடு திரும்பி வருவதைப் பார்த்தேன். என்மேல் இருக்கும் கோபத்தை ஊரார்மேல் காட்டுகிறார் என்று நினைத்தேன். அப்படித் திரும்பிய ஒருவர் என் வாசலில் நின்று என்னிடமே கேட்டார்:

"பாய்க்கு உடம்புக்கு என்னமாச்சு முடியலீங்களா? கம்பியக் கையிலயே தொடமாட்டேங்கிறாருங்க."

மூடியைத் திறந்தபோது

வைகாசியில் ஒரு ஞாயிறு, தாராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அவிநாசிபாளையத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் புளியமரத்தடியில் அந்த வண்டி நிற்கிறது. வேலுச்சாமி கையில் கூழ்ச் சொம்பு, சாந்தாமணி கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். பட்டு வேட்டியோடு பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடினேன். நின்ற நிலையில் அந்த வண்டியை அவர்கள் கையில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பார்த்ததும் எனக்கு வண்டி மாறிவிட்டதோ என்று சந்தேகம். பெட்ரோல் டேங்குக்கு ஒரு சட்டை போட்டிருந்தது. வெள்ளி நிறத்தில், உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்து, சுற்றிலும் எலாஸ்டிக் போட்டு, டேங்கோடு தோல்போல ஒட்டிய கவர். மூடிக்கு மேலும் ஒரு மடிப்பு வந்து இறுக்கி ஒட்டியிருந்தது. மழைக்கோட்டுத் துணி, தண்ணீரும் புகாது, காற்றும் புகாது. "இது என்ன?" என்றேன். யூனிட்டுக்கு வந்த துணியில் மிஞ்சிய துண்டில், பூவன் பழம் கொடுத்த அந்த வாரத்தில் தானே தைத்தது என்று சாந்தாமணி கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

நான் அந்த மடிப்பைப் பிரித்து டேங்க் மூடியைத் திருகினேன். திறந்த நொடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்ந்த சத்தம். மூடியை மாட்டி, கவரை எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கச் சில நொடி விட்டு உதைத்தேன். எஞ்சின் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரே உதையில் கிளம்பியது.

விஷயம் இவ்வளவுதான். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும். கவர் அதை அடைத்துவிட்டது. கிளம்பும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு வருவார்கள், அவிநாசிபாளையம் வருவதற்குள் உள்ளே காற்றில்லாமல் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். அதற்குள் எஞ்சினும் சூடாகியிருக்கும், நாங்கள் எல்லோரும் சூட்டின்மேல் பழியைப் போட்டோம். அரை மணி நேரத்தில் எங்கோ இடுக்கு வழியே காற்று கொஞ்சம் கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும், நாங்கள் ஆறிவிட்டது என்போம். திங்கட்கிழமை என் கடைக்கு வரும்போது வேலுச்சாமி கவரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவாராம். என் கடைக் கிரீஸ் பட்டால் கறை போகாதே. பீகார்க்காரர் வாயைப் பொத்திக் காட்டியது அந்த மரத்தடியில்தான் எனக்கு விளங்கியது.

"இதை யாரும்மா போடச் சொன்னது?" என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. சாந்தாமணி என்னை வியப்பாகப் பார்த்தார். அவரும் முகம் மாறாமல், மரியாதை குறையாமல்தான் சொன்னார்:

"நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க. முதல் தடவ வண்டியச் சரி பண்ணிக் குடுக்கறப்ப, டேங்க்ல வெயில் படாமப் பாத்துக்குங்கன்னு இவருகிட்டச் சொல்லியுட்டீங்களாமே."

சோறு ஆகவில்லை

சொன்னேனா? இன்று வரை எனக்கு நினைவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மெக்கானிக் வாய் சும்மா இருக்காது. வேகமாக ஓட்டாதீர்கள், ஆயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் நிறுத்தாதீர்கள் என்று பத்து சொல்வோம். யாரும் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறோம். இந்த அம்மா ஒருத்தர் கேட்டுவிட்டார். கேட்டதோடு, துணியை அளந்து வெட்டித் தைத்தும் விட்டார். ரஹீம் பாயின் காயில் நோயை முதல் நாளே தீர்த்துவிட்டது. இரண்டாவது நோயை உண்டாக்கியது என் வாய்.

சாந்தாமணி கவரை மடித்துப் பையில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்பதா, அவர் கேட்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர்கள் கிளம்பிப் போனார்கள், நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்று, கிரகப்பிரவேசத்தில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு எங்கேயும் நிற்காமல் தாராபுரம் சேர்ந்துவிட்டதாக வேலுச்சாமி வந்து சொன்னார். குன்னத்தூர்ப் பேச்சை மாமனார் அதற்குப் பிறகு எடுக்கவில்லையாம். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாராம், டேங்கைத் தட்டிப் பார்த்தாராம். பிறகு மருமகனிடம் சொன்னாராம்:

"எதுக்கு இத்தன வேகமா ஓட்டீட்டு வர்றீங்க? இன்னும் சோறே ஆகலீங்களே."

பொட்டலத்தில் நாலு காயில்

புளியமரத்தடியில் உண்மை தெரிந்த மறுநாளே நான் சுவரைச் சுற்றிப் போனேன். நாலு பேர் முன்னால் சொன்ன பழியை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று, அவர் கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். வாசலில் கால் வைத்ததும் தயாரித்து வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது. "பாய், உங்க காயில் நல்லாத்தான் இருந்துச்சு. கம்பியும் நல்ல கம்பி. தப்பு முழுக்க என்னோடது" என்றேன். அவர் ஒரு டேபிள் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. என்ன காரணம் என்று மட்டும் கேட்டார். கவரையும் மூடித் துளையையும் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்தார். உள்ளே நாலு காயில். எல்லாம் அந்த வண்டிக்குக் கட்டியது மாதிரியே. நான் பழி சொன்ன வாரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியிருக்கிறார். ஒவ்வொன்றையும் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கி மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றிலும் தப்பு இல்லை. தப்பு இல்லாததுதான் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. தப்பைக் கண்டுபிடிக்கக்கூடத் தனக்குக் கண் போதவில்லை, கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அதனால்தான் ஒரு மாதமாக யார் காயிலையும் தொடவில்லை. நான் பார்த்தது கோபம் இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிக் கண்ணைக் காட்டினேன். கண்ணாடி போடச் சொல்லிட்டாங்க" என்றார். அப்போதுதான் அவர் மூக்கின்மேல் இருந்த புதுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு சுவர் தள்ளி இருக்கும் மனிதர் எப்போது கண்ணாடி போட ஆரம்பித்தார் என்பதே எனக்குத் தெரியவில்லை.

கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஒரு காயிலை எடுத்து மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாசனைதான் வந்தது. கடையில் இருந்தவர்கள் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள். ரஹீம் பாய் பொட்டலத்தைக் கட்டி மறுபடி அலமாரியில் வைத்தார். டீக்கு ஆள் அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து என் கடையை ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணாடி வாங்குனது ஒண்ணும் வீணில்ல சாத்தூர். போட்டதுக்கப்புறம்தான் தெரியுது, உன் கடை எத்தன அழுக்கா இருக்குதுன்னு."

இத்தனை வருடத் தொழிலில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சூடானால் நின்றுவிடும் வண்டியை ஆறவிட வேண்டும், அது ஆறுகிற வரைக்கும் மெக்கானிக் வாயைத் திறக்கக் கூடாது.